மறைத்து வைத்த இரண்டு அட்டைகள்: ஒரு கட்டான் போட்டி எங்கே சறுக்கியது

இரண்டு நாள் போர்டு கேம் கன்வென்ஷன் ஒன்றில் கட்டான் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. 37 பேர் ஆடினார்கள். மூன்று தகுதிச் சுற்றுகள், அதன்பின் நான்கு பேர் அமரும் ஓர் இறுதி ஆட்டம். கோப்பை கொடுத்தாயிற்று, எல்லாரும் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இறுதி மேசையின் நான்காவது நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்ற கேள்விக்கு அன்று நாங்கள் கொடுத்த விடை அரைகுறை. அன்றைய 30 ஸ்கோர் ஷீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போட்டி நடத்தப் போகிறவர்கள் யாராவது நான் விழுந்த பள்ளத்தைத் தாண்டிப் போனால் போதும்.

ஆட்டத்தைப் பற்றி முதலில். கட்டான் 1995இல் ஜெர்மனியில் வெளியானது. உருவாக்கியவர் கிளவுஸ் டாய்பர். அதே ஆண்டு, ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு ஜெர்மனியில் தரும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதும் வாங்கியது. 19 அறுகோண ஓடுகளால் ஆன தீவு. பகடை விழும் எண்ணுக்கு ஏற்ப மரம், செங்கல், ஆட்டு ரோமம், கோதுமை, தாது கிடைக்கும். அதை வைத்துச் சாலை போடலாம், குடியிருப்பு கட்டலாம், பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம். தன் முறை நடக்கும்போது 10 புள்ளியை எட்டுகிறவர் வென்றார். குடியிருப்புக்கு 1, நகரத்துக்கு 2, நீளமான சாலைக்கு 2, பெரிய படைக்கு 2. இவை எல்லாம் மேசையில் கண்ணுக்குத் தெரிபவை.

தெரியாதது ஒன்று உண்டு. டெவலப்மெண்ட் கார்டுகள் மொத்தம் 25. அவற்றில் 5 கார்டுகள் தலா ஒரு வெற்றிப் புள்ளி தருபவை. வாங்கியவர் அதைக் கையிலேயே மறைத்து வைத்திருப்பார். 10 ஆகும் நிமிடத்தில்தான் திருப்பிக் காட்டுவார். வீட்டில் ஆடும்போது இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் யாராவது 10 எடுக்கும்வரை ஆட்டம் ஓடும். போட்டியில் கடிகாரம் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துகிறது. அங்கேதான் நாங்கள் சறுக்கினோம்.

நாங்கள் போட்ட திட்டம்

42 பேர் பதிவு செய்திருந்தார்கள், 37 பேர் வந்தார்கள். கன்வென்ஷனில் இது வழக்கம்தான். பதிவு செய்தவர் பக்கத்து அரங்கில், கதாபாத்திரமாகவே மாறி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார், புது விளையாட்டுகளின் டெமோவில் மெய்மறந்து நின்றிருப்பார். 42 பேருக்குப் போட்டு வைத்த இருக்கை அட்டவணையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். 37 பேரை ஏழு நால்வர் மேசை, மூன்று மூவர் மேசை என்று பிரித்தால் சரியாக வரும். இதைக் கண்டுபிடித்து, ஆட்களைத் தேடி உட்கார வைத்து முடிக்க 25 நிமிடம் போயிற்று. 10 மணிக்குத் தொடங்க வேண்டிய முதல் சுற்று 10.25க்குத் தொடங்கியது.

ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். ஒவ்வொரு மேசையிலும் ஆடுகிறவர்களே பலகையை அடுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தோம். 19 ஓடுகள், 18 எண் வில்லைகள், துறைமுகங்கள், ஐந்து வகை அட்டைக் கட்டுகள் என்று முதல் சுற்றில் பல மேசைகளில் அடுக்குவதற்கே 12 நிமிடம் ஆனது. அந்த 12 நிமிடமும் 75இலிருந்துதான் கழிந்தது. ஆட்டத்துக்கு மிஞ்சியது 63. முதல் சுற்றில் பத்து மேசைகளில் நான்கு முடியாமல் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பேரம் இழுத்தது, புதியவர்கள் யோசித்தார்கள் என்பதெல்லாம் உண்டு, ஆனால் அவை எல்லாச் சுற்றிலும் இருந்தன. இரண்டாம் சுற்றில் ஒரு மேசையும் மூன்றாம் சுற்றில் இரண்டு மேசைகளும் மட்டுமே நேரத்தைத் தாண்டின. அடுக்கக் கை பழகிவிட்டதுதான் வித்தியாசம்.

நேரம் முடிந்தால் என்ன செய்வது என்று விதித்தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. முந்தின இரவு நான் எழுதியது: "நேரம் முடிந்ததும் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் வெற்றியாளர்." எழுதும்போது இதில் ஓட்டை இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தரவரிசைக்கு முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை. அது சமமானால் புள்ளிப் பங்கு, அதாவது அந்த மேசையில் எல்லாரும் எடுத்த மொத்தப் புள்ளியில் இவர் எடுத்தது எத்தனை சதவீதம் என்பது. இந்த இரண்டாவது அளவுகோல் நல்லது, இன்றும் அதைத்தான் வைப்பேன்.  அதன் பலன் இது: ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டவரும் கடைசிவரை தனக்காக ஆடுவார். பல பேர் ஆடும் விளையாட்டுகளில் பெரிய நோயே, தோற்கப் போகிறவர் 'நீ ஜெயிச்சுக்கோ' என்று கையில் இருப்பதை எல்லாம் நண்பரிடம் தள்ளிவிடுவதுதான். கட்டானில் சும்மா கொடுக்கக் கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மூன்று தாதுவுக்கு ஓர் ஆட்டு ரோமம் என்பதும் மாற்றம்தானே? அதை நடுவர் தடுக்க முடியாது. தனக்கும் இழக்க ஏதோ இருக்கிறது என்று அவரை எண்ண வைக்கத்தான் முடியும்.

ஆறாம் மேசையும் இரண்டாம் மேசையும்

ஆடியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காயின் நிறத்தாலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் சுற்று, ஆறாம் மேசை. நேரம் முடிந்தபோது சிவப்பு 8, வெள்ளை 7, மற்ற இருவர் 6, 5. வெள்ளையோடு ஆடியவள் ஒரு கல்லூரி மாணவி. கையிலிருந்த இரண்டு கார்டுகளைத் திருப்பி மேசையில் வைத்தாள். இரண்டுமே வெற்றிப் புள்ளி. ஆகமொத்தம் 9. அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட வாலண்டியர், "இல்லம்மா, அதெல்லாம் பத்து எட்டும்போதுதான் காட்டணும். நீ இன்னும் எட்டலையே" என்றார். விதிப்புத்தகத்தைப் படித்தவர் சொல்லக்கூடிய பதில்தான் அது. தாளில் சிவப்பு 8, வெள்ளை 7 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். கார்டுகள் கட்டோடு கலந்துவிட்டன.

மூன்றாம் சுற்று, இரண்டாம் மேசை. நீலம் 8, ஆரஞ்சு 8. நேரம் முடிந்தது. நீலம் ஒரு வெற்றிப் புள்ளிக் கார்டைத் திருப்பினார். ஆரஞ்சு ஒப்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். தாளில் "அதிகப் புள்ளி வைத்திருப்பவர்" என்று இருக்கிறது, அந்தக் கார்டை அவர் காசு கொடுத்து வாங்குவதுபோல ரோமம், கோதுமை, தாது கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார், ஆகவே அதுவும் கணக்கில் சேரும் என்றேன். நீலம் வென்றார். ஆரஞ்சு சண்டை போடவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்:

"ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தீங்கன்னா, கடைசி ரெண்டு முறையும் நான் ரோடு போட்டிருக்க மாட்டேன் சார். கார்டு வாங்கியிருப்பேன்."

அப்போது நான் அதை வருத்தத்தில் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன். இந்த முழு விவகாரத்திலும் மிகச் சரியாக விஷயத்தைத் தொட்ட வாக்கியம் அதுதான்.

ஒரே போட்டி, ஒரே தாள், ஒரே வரி. காலையில் ஒரு பொருள், மாலையில் இன்னொரு பொருள். பத்து மேசைகளையும் இரண்டே வாலண்டியர்களும் நானும் ஓடி ஓடிப் பார்த்தோம். முதல் சுற்றில் அந்த வாலண்டியர் எடுத்த முடிவு என் காதுக்கு வரவே இல்லை. அவர் மறைக்கவில்லை. அது ஒரு பிரச்சினை என்றே அவருக்குத் தெரியாது.

நான்காவது நாற்காலி

மூன்று சுற்றும் முடிந்தபின் தரவரிசை இப்படி இருந்தது. ஒருவருக்கு மூன்று வெற்றி. ஐந்து பேருக்கு இரண்டு வெற்றி: சிவப்பு, வெள்ளை, நீலம், இன்னும் இருவர். 17 பேருக்கு ஒன்று. 14 பேருக்கு ஒன்றுமில்லை. புள்ளிப் பங்கின்படி இரண்டு வெற்றிக்காரர்களில் முதலில் ஒருவர், அடுத்து நீலம், அடுத்து சிவப்பு, அடுத்து வெள்ளை. சிவப்பு நான்காவது, உள்ளே. வெள்ளை ஐந்தாவது, வெளியே.

பட்டியலை ஒட்டிப் பத்து நிமிடம் இருக்கும். அந்த மாணவி மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, ரெண்டாம் டேபிள்ல மறைச்சு வெச்ச கார்டை எண்ணினீங்களா?"

"ஆமாம்மா."

"காலைல எனக்கு எண்ணலையே அண்ணா."

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் நாக்கு வறண்டுபோயிற்று. வாலண்டியரைக் கூப்பிட்டேன். அவர் அப்படியே ஒத்துக்கொண்டார். தாளில் தெரிந்த புள்ளி மட்டும்தான் இருக்கிறது, கார்டுகள் எப்போதோ கலைந்துவிட்டன. ஆதாரம் என்று எதுவும் இல்லை. சிவப்பைக் கூப்பிட்டுக் கேட்டோம். தன் இடம் போகப் போகிறது என்று தெரிந்தே அவர் சொன்னார்: "காட்டினாங்க. ரெண்டுமே புள்ளிக் கார்டுதான். நான் பார்த்தேன்."

அவர் "கவனிக்கலை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

நாங்கள் மூவரும் தனியாக நின்று பேசினோம். முதல் சுற்றை மறுபடி ஆட நேரமில்லை, அரங்கை 6 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இறுதி மேசையில் ஐந்து பேர் உட்கார முடியாது, அடிப்படைப் பெட்டியில் நான்கு நிறக் காய்கள்தான் உண்டு. கடைசியில் முதல் சுற்று முடிவைத் திருத்தினோம். வெள்ளைக்கு 9, சிவப்புக்கு 8. வெற்றி வெள்ளைக்கு மாறியது. அவளுக்கு மூன்று வெற்றி, சிவப்புக்கு ஒன்று. இதற்கு 40 நிமிடம் ஆனது. 3.55க்குத் தொடங்க வேண்டிய இறுதி ஆட்டம் 4.35க்குத் தொடங்கி, 5.40க்கு முடிந்தது. முதலிலேயே மூன்று வெற்றி வைத்திருந்தவர்தான் கோப்பையை வாங்கினார்.

இரவு உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது

வெள்ளையை உள்ளே கொண்டு வந்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். சிவப்பின் வெற்றியைப் பிடுங்கியது தவறு.

காரணம், ஆரஞ்சு சொன்ன அதே வாக்கியம். மறைத்த கார்டு எண்ணப்படாது என்பதுதான் ஆறாம் மேசையில் நடுவர் சொன்ன விதி. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தாலும், எண்ணப்படும் என்று யாரும் சிவப்பிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வெள்ளையின் கையில் திருப்பாத இரண்டு கார்டுகள் இருப்பதைப் பார்த்து, நிற்கும் நிலத்தின் விளைச்சலைத் தடுக்கும் கொள்ளையன் காயை அவள் நிலத்தில் நிறுத்தியிருப்பார், தானும் கார்டு வாங்கியிருப்பார், அவளோடு பேரமே பேசாமல் இருந்திருப்பார். ஆட்டம் முடிந்த பிறகு எண்ணும் முறையை மாற்றினால் புள்ளிகள்தான் மாறும். அந்த 63 நிமிடத்தில் நால்வரும் எடுத்த முடிவுகள் பழைய விதியை நம்பி எடுத்தவையாகவே இருக்கும்.

அப்படியானால் இருவருக்கும் வெற்றி கொடுத்திருக்கலாமா? அன்று வாலண்டியர் ஒருவர் இதைச் சொன்னார். ஒரே மேசையில் இரண்டு வெற்றி என்றால் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இறுதியிலிருந்து வெளியே போய்விடுவார் என்று பயந்து நான்தான் தள்ளிவிட்டேன். பட்டியலைப் பார்க்காமல் சொன்னது அது. இரவு தாளில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கு மூன்றாவது வெற்றியைச் சேர்த்து, சிவப்பின் இரண்டு வெற்றியை அப்படியே விட்டால், மூன்று வெற்றிக்காரர்கள் இருவர், பிறகு இரண்டு வெற்றியில் முதலில் இருந்தவர், பிறகு நீலம். நான்கு இடமும் நிரம்பிவிட்டது. சிவப்பு ஐந்தாவது. இறுதி மேசையில் உட்கார்ந்த அதே நால்வர்தான்! ஒருவரும் கூடுதலாக வெளியேறியிருக்க மாட்டார்கள். சிவப்பு மட்டும் ஒற்றை வெற்றிக்காரர்களின் கூட்டத்தில் போய் விழாமல், ஐந்தாம் இடத்தில் மரியாதையோடு நின்றிருப்பார். உண்மையைச் சொன்னவரை அந்தக் கூட்டத்தில் தள்ளியதுதான் நாங்கள் செய்த கைம்மாறு. ஐந்து நிமிடம் பேனாவை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை திருத்திய பட்டியலை 37 பேருக்கும் அனுப்பினேன், திருத்தியதற்கான காரணத்தோடு. சிவப்பிடம் தனியாகவும் பேசினேன்.

ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டும்போது யாரும் புகார் சொல்லாத இன்னொரு தவறும் கண்ணில் பட்டது. மூவர் மேசையில் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, நால்வர் மேசையில் நான்கில் ஒன்று. ஒரு சுற்றுக்கு மூவர் மேசைகளில் 9 இடம், மூன்று சுற்றுக்கு 27. ஆட்கள் 37. ஆகவே யாரையும் இரண்டு முறை மூவர் மேசையில் உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் அவசர அட்டவணையில் இரண்டு பேர் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார்கள். சமதிறமை என்று வைத்துக்கொண்டால், மூன்று நால்வர் மேசையில் ஆடியவர் சராசரியாக 0.75 வெற்றியை எதிர்பார்க்கலாம், அவர்கள் இருவரும் 0.92ஐ. அவர்களில் ஒருவர் இறுதி ஆட்டத்தில் இருந்தார்.

நான்கு இடத்துக்கு ஆறு பேர் முட்டிக்கொண்டதும் நம் கணக்குப் பிழைதான். நால்வர் மேசையில் மூன்று சுற்றையும் வெல்ல 64இல் ஒரு வாய்ப்பு, சரியாக இரண்டை வெல்ல 64இல் 9. 37 பேர் என்றால் சுமார் 0.6 ஆளும் 5.2 ஆளும் வருகிறார்கள். மூவர் மேசைகள் இதைக் கொஞ்சம் கூட்டும். ஆக, ஏறக்குறைய ஆறு பேர் நான்கு நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள் என்று முதல் பகடை உருளும் முன்பே எழுதி வைத்திருக்கலாம். 16 பேரை அரையிறுதிக்கு எடுத்திருந்தால் ஆறு பேரும் கேள்வியே இல்லாமல் உள்ளே வந்திருப்பார்கள். அதற்கு இன்னொரு சுற்று வேண்டும். அந்த நேரத்தைக் காலையில் 25 நிமிடமும், பலகை அடுக்குவதில் சுற்றுச் சுற்றாகவும் விட்டுவிட்டோம்.

பழைய போட்டிகள் இதை எப்படிச் சமாளித்தன

கன்வென்ஷன் போட்டிகள் நேற்று வந்தவை இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற ஊரில் முதல் ஜென் கான் விளையாட்டுக் கன்வென்ஷனை நடத்தியது 1968இல். 1975இல் ஒரிஜின்ஸ் கன்வென்ஷனில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸையே போட்டியாக ஆடினார்கள். முடிவே இல்லாத ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கும், குறித்த நேரத்துக்குள் குழுக்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்று அளந்து வரிசை போட முடிந்தது. யாரையும் வெளியேற்றாமல், சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய சமமான வெற்றி உள்ளவர்களை மோத விடும் சுவிஸ் முறை இன்னும் பழையது, 1895இல் சூரிக்கில் நடந்த சதுரங்கப் போட்டியில் தொடங்கியது. 1993இல் வந்த, இருவர் ஆடும் அட்டை விளையாட்டான மேஜிக் த கேதரிங்கின் போட்டிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே சுற்றுக்கு 50 நிமிடம். நேரம் முடிந்ததும் நடந்துகொண்டிருக்கும் முறையை முடித்துவிட்டு, இருவருக்கும் சேர்த்து மேலும் ஐந்து முறைகள் மட்டும் ஆடலாம். அதற்குள் முடிவு வராவிட்டால் என்ன என்பதும் எழுதியே இருக்கிறது. மேசையில் உட்காரும்போதே இருவருக்கும் இது தெரியும்.

நால்வர் ஆட்டத்தில் அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. முடியாத ஆட்டத்துக்கு யாருக்கும் வெற்றி இல்லை என்று வைத்தால், பின்தங்கிய மூவருக்கும் மெதுவாக ஆடுவதே லாபம் ஆகிவிடும். பேரம் பேசும் ஆட்டத்தில் இழுத்தடிப்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. 'ஒரு செங்கல் தர்றியா' என்று நான்கு முறை கேட்பது குற்றமா என்ன?

அடுத்த போட்டிக்கு நாங்கள் எழுதியது இது. 75ஆம் நிமிடத்தில் மணி அடிக்கும், கத்திச் சொல்வது கிடையாது. நடக்கும் வட்டம் முடிந்து, முதல் ஆட்டக்காரருக்கு முந்தையவர்வரை எல்லாருக்கும் சமமான முறை வந்ததும் ஆட்டம் நிற்கும். கையிலிருக்கும் வெற்றிப் புள்ளிக் கார்டுகள் எல்லாவற்றையும் அப்போது திருப்ப வேண்டும், அவை எண்ணப்படும். இன்னும் சமமானால் இருவருக்கும் அரை வெற்றி. ஸ்கோர் ஷீட்டில் தெரிந்த புள்ளிக்கு ஒரு கட்டம், மறைத்த புள்ளிக்கு ஒரு கட்டம். கையெழுத்து வாங்கும்வரை கார்டுகளைக் கலைக்கக் கூடாது. வாலண்டியர் விதித்தாளில் இல்லாத எதை முடிவு செய்தாலும் மேசையை நகர்வதற்கு முன் நடுவர் மேசையில் உள்ள நோட்டில் எழுத வேண்டும். பலகைகளை நாங்களே, எல்லா மேசைக்கும் ஒரே அமைப்பில், முன்கூட்டியே அடுக்கி வைப்போம்.

இவை அனைத்தும் முதல் சுற்றுக்கு முன் நின்று வாசிக்கப்பட்டன. வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறைத்த கார்டு எண்ணப்படும் என்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கி, "பெரிய படை, நீளமான சாலை எல்லாம் அந்த நிமிஷத்துல யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பதிலையும் நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டு மணியை அடித்தோம்.